இடம் போட்டு வைத்த மதினி

எங்கள் குழாயடி வரிசையில் முதல் ஆளாக எப்போதும் ஒரு வனஸ்பதி டப்பாதான் நிற்கும். வயிற்றைச் சுற்றி நீலப் பெயிண்ட்டில் ஒரு பட்டை, கைப்பிடிக்கு வளைத்த கம்பி. மதினியின் டப்பா அது. மதினி அங்கே இருக்கமாட்டாள். வீட்டு வாசலில் சாணம் தெளித்துக்கொண்டோ, யார் குழந்தைக்கோ சளி என்று வெற்றிலையை விளக்கில் வாட்டிக்கொண்டோ இருப்பாள். ஆனாலும் அந்த டப்பாவைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைக்கும் தைரியம் எவளுக்கும் வந்ததில்லை. டப்பா நின்றால் ஆள் நிற்பதாகத்தான் அர்த்தம். தமிழ்க்காரி, மராத்திக்காரி, தெலுங்குக்காரி எல்லோருக்கும் குழாயடியில் ஒரே சட்டம்.

அறுபதுகளில் நடந்த கதை. கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரர் என்னைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டிவந்தார். பம்பாய் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள். செம்பூர் ஸ்டேஷனில் பஸ் ஏறி, டிராம்பே பக்கம் அந்த பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, உப்பளத்து வரப்பில் நடந்து வந்து பார்த்தால் தகரமும் தார்ப்பாயும் சாக்குமாக நாலைந்து வரிசை வீடுகள். ஒரு பக்கம் கழிமுகச் சேறு. தூரத்தில் எண்ணெய் ஆலையின் குழாய் உச்சியில் பகலிலும் அணையாமல் எரியும் நெருப்பு.

"இதுவா பம்பாய்?" என்று கேட்டேன்.

"இதுவும் பம்பாய்தான்" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. பெண் கேட்கும்போது பாதியை மட்டும் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வரிசை சந்து முனை வரைக்கும் நீண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊரில் கிணறு வீட்டுப் பின்னாலேயே இருந்தது. அப்போது வரிசையின் நடுவில், இரண்டு குடங்களுக்கு இடையில், இடுப்பில் கை வைத்து நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஒல்லி உடம்பு, காதில் பாம்படம் கழற்றிய நீண்ட துளை, சேலையைத் தூக்கிச் சொருகிய விதத்திலேயே நம் ஊர்க்காரி என்று தெரிந்தது.

"ஏளா, புதுசா வந்தவளே, இங்கன வா. ஒனக்குத்தான் நிக்கேன்."

"ஒங்க குடம் எங்க?"

"எனக்கு முன்னால டப்பா நிக்குல்லா. நம்ம எடத்துக்கு டப்பா போதும். அடுத்தவ எடத்துக்கு ஆளுதான் நிக்கணும். ஒன் குடம் எதுன்னு இங்க எவளுக்குத் தெரியும்? காலால தள்ளிட்டுப் போயிருவாளுவ."

அதுதான் மதினி. எல்லோரும் அவளை 'மைனி' என்றே கூப்பிட்டார்கள். தம்பி முறைக்காரனும் மைனி என்பான், பேரன் வயதுப் பிள்ளையும் மைனி என்பான். மராத்திக்காரி சாந்தாபாய்கூட 'மைனிபாய்' என்பாள். அவள் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. மைனிக்கு எதற்குப் பெயர் என்று தோன்றியிருக்கும்.

இடம் போட்டு வைப்பது அவளுக்கு வேலை அல்ல, வியாதி. ரேஷன் கடை வரிசையில் தன் வேலை முடிந்த பிறகும் போகமாட்டாள். பின்னால் வரப்போகிற யாருக்காவது நிற்பாள். குழாயடியில் ஒருத்தியின் குடத்தை யாராவது உருட்டிவிட்டால் அந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தெலுங்குக்காரி ஒருத்தி காய்ச்சலில் கிடந்தபோது, அவள் குடம் நின்ற இடத்தில் ஈரத் தரையில் அப்படி உட்கார்ந்தாள். சாந்தாபாய் எவ்வளவோ கத்திப் பார்த்தாள். மதினி திருப்பிக் கத்தவில்லை. சேலை முழுக்கச் சேறாக, தண்ணீர் வரும்வரை உட்கார்ந்தேயிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் சாந்தாபாயின் மகனுக்கு வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொண்டுபோனதும் அவள்தான்.

பஸ்ஸில் அவளோடு போவது பெரிய பாடு. செம்பூர் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது முதலில் அவள் ஏறுவாள். பெண்கள் சீட்டில் ஒன்றில் பை, ஒன்றில் குடை, இன்னொன்றில் தானே குறுக்காகச் சாய்ந்துகொள்வாள். கண்டக்டர் திட்டுவான். அவளுக்குத் தெரிந்த இந்தி இரண்டே சொல். "ஆத்தி ஹை, ஆத்தி ஹை!" வந்துகொண்டிருக்கிறாள், வந்துகொண்டிருக்கிறாள். எவள் வருகிறாள் என்று பல நேரம் அவளுக்கே தெரியாது. கூடையோடு ஓடிவருகிற முதல் பெண்பிள்ளைக்கு அந்த இடம்.

ஒருமுறை எனக்கு நானாகவே ஜன்னலோரச் சீட்டுக் கிடைத்தது. காற்று முகத்தில் அடிக்க ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முன்னாலிருந்து அவள் சத்தம் கேட்டது.

"அங்கன எதுக்குளா போய் உக்காந்த? ஒனக்கு இங்கன போட்டு வச்சிருக்கேன்லா!"

அவள் போட்டு வைத்திருந்தது என்ஜினை ஒட்டிய இடம். அடுப்பில் உட்கார்ந்த மாதிரி கொதிக்கும். போகாவிட்டால் அவள் முகம் வாடிவிடும். போனேன். வீடு வரும்வரை அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். பம்பாய்க்கு வந்த புதிதில் அவளும் அவள் புருஷனும் தாராவியில், சதுப்பு ஓரமாக, ஒரு குடிசை போட்டிருந்தார்களாம். சொந்தக்காரர் சாவுக்குப் போய் நாலைந்து நாள் கழித்துத் திரும்பினால், உள்ளே வேறொருத்தி ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள்.

"சண்ட போடலையா மைனி?"

"எப்படிளா போட? ஒல கொதிச்சிட்டு கெடக்கு. பக்கத்துல ரெண்டு புள்ளைய தட்ட வச்சிட்டு உக்காந்திருக்கு. அடுப்பு எரியுத வீட்டுல போய் எறங்குன்னு சொல்ல முடியுமா?" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பில் அவள் ஒரு பாடத்தை எடுத்துவைத்திருந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. எரிகிற அடுப்பை எவனும் அணைக்கமாட்டான் என்பதுதான் அது.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷன் ஒரு கான்ட்ராக்டரிடம் சமையல்காரர். அணைக்கட்டு, பாலம் என்று வேலை நடக்கிற இடமெல்லாம் போய் கூலியாட்களுக்கு ஆக்கிப்போடுவார். தீபாவளிக்குத்தான் வருவார். எங்கள் வீட்டை அடுத்த வீட்டில் மதினி தனியாக இருந்தாள்.

தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தாராவித் தோல் பட்டறை வேலைக்குத் திரும்பிவிட்டார். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும். சாவியை மதினியிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஊருக்குக் கிளம்பும்போது நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "பெத்துட்டு நல்லபடியா வா. எடம் எங்க போயிரும்?"

அந்தச் சமயத்தில்தான் வீடுகளுக்கு நம்பர் போட வந்தார்கள்.

வருவார்கள் என்ற பேச்சு முன்பே இருந்தது. என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. நம்பர் விழுந்த வீட்டுக்காரர்களுக்குப் பின்னால் முறையான மனை கிடைக்கும், அதுவரை இருந்த இடத்தில் இருக்கலாம். நம்பர் விழாத வீட்டை இடித்துவிடுவார்கள். வீட்டில் ஆள் இருந்தால்தான் நம்பர். பூட்டிய வீட்டுக்குக் கிடையாது. அவர்கள் வந்ததோ ஆண்களெல்லாம் வேலைக்குப் போன முற்பகலில். எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் பெண்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் பூட்டு தொங்கியது. அன்று நடந்ததை எதிர்வீட்டுத் தங்கம் பின்னால் எனக்கு எத்தனையோ தடவை சொன்னாள். 

மதினி அப்போதுதான் உலை வைத்திருந்தாள். செய்தி வந்ததும் தன் வீட்டுக் கதவை அகலத் திறந்தாள். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துத் தீயைத் தூக்கினாள். ஈரச் சேலை ஒன்றைக் கொடியில் சொட்டச் சொட்டப் போட்டாள். நீலப் பட்டை டப்பாவை எடுத்துவந்து வாசலில் நடுவாக வைத்தாள். பிறகு எங்கள் வீட்டுச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"மைனி, ஒங்க வீட்டப் பாருங்க" என்று தங்கம் பதறியிருக்கிறாள்.

"அங்கன டப்பா நிக்கு, ஒல கொதிக்கு. எவன் என்ன கேக்கப் போறான்? இந்தப் புள்ள வீட்டுலதான் ஒண்ணுமில்ல. ஆளு வேணும்லா."

நம்பர் போட வந்தவர்கள் எங்கள் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். 'சாப்' என்று எல்லோரும் கூப்பிடும் அதிகாரி ஒருவர், தார் வாளி தூக்கிய ஆள் ஒருவன். சாப் எங்கள் வாசலில் நின்று பெயர் கேட்டார். மதினி கொஞ்சம்கூடத் தயங்காமல் என் பெயரைச் சொன்னாள். புருஷன் பெயர் கேட்டதற்கு என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாள். "காம் கூ கயா சாப்", வேலைக்குப் போயிருக்கிறார் என்று இடையில் தங்கம் எடுத்துக் கொடுத்தாள். சாப் மதினியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எங்கள் கதவில் தாரில் நம்பர் விழுந்தது.

அடுத்தது மதினி வீடு. சாப் டப்பாவைத் தாண்டி உள்ளே குனிந்து பார்த்தார். உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "கோயி ஹை?" யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் இல்லை. வெளியே வந்து இந்தியில், சாப்பாடு வேகிறது, ஆள் எங்கே என்றார். தார் வாளிக்காரன் சிரித்தான்.

குழாயடிச் சட்டம் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. டப்பா நின்றால் ஆள் நிற்பதாக அர்த்தம் என்று எங்களைத் தவிர இந்த உலகத்தில் யார் ஒத்துக்கொள்வார்கள்? மதினிக்கு அந்த நிமிஷத்தில்தான் அது உறைத்திருக்கும். எங்கள் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டு வைத்தால் அவள் வீடு. ஆனால் அந்த இரண்டு எட்டை வைத்து "இது என் வீடு" என்றால், இப்போது நம்பர் விழுந்த வீடு யாருடையது என்று கேட்பார்கள். பொய் சொன்னதற்கு இரண்டு வீட்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். தங்கம் வாயைத் திறந்தாள். மதினி வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். தங்கம் வாயை மூடிக்கொண்டாள்.

சாப் கெட்டவர் இல்லை என்று தங்கம் சொல்வாள். உடனே போய்விடவில்லையாம். கொதிக்கிற உலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். அப்போது மதினி எங்கள் வாசலிலிருந்து, தனக்குத் தெரிந்த அந்த இரண்டு சொல்லைச் சொல்லிக் கத்தினாள்.

"ஆத்தி ஹை, சாப்! ஆத்தி ஹை!"

தன் வீட்டுக்காரி வந்துகொண்டிருக்கிறாள் என்று அடுத்த வீட்டு வாசலில் நின்று அவளே சொன்னாள். சாப் சந்தின் இரண்டு முனையையும் பார்த்தார். யாரும் வரவில்லை. சோறு பொங்கி ஸ்டவ்வில் வழிந்து தீ புஸ்ஸென்றது. அவர் சாக்கட்டியால் கதவில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

என் வீட்டுக்காரர் அன்று வேலை முடிந்து வந்து விஷயம் கேட்டதும் ஆபீசுக்கே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார். மதினி வழியை மறித்துக்கொண்டு நின்றாளாம்.

"போயி என்ன சொல்லுவிய? வீட்டுக்காரிய கூட்டிட்டு வாம்பான். நான் வந்து நின்னா என் மொகத்தப் பாப்பான். ஒங்க பொஞ்சாதி மொகம்லா அது அவனுக்கு. போட்டுவச்ச எடத்த கெடுத்துராதிய."

இதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெருக்கல் குறி விழுந்த வீடுகளை ஒருநாள் காலையில் வந்து பிரித்துப் போட்டார்கள். மதினி தட்டுமுட்டுச் சாமான்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனியாக இருக்கிற ஆண்பிள்ளையோடு ஒரு கூரையின் கீழ் இருப்பது சரியில்லை என்று என் வீட்டுக்காரர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தோல் பட்டறைக்கே போய்விட்டார். நான் குழந்தையோடு திரும்பிய அன்று தாதர் ஸ்டேஷனில் எங்களை எதிர்கொண்டவர் மேலிருந்து வந்த தோல் நாற்றத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கு நடுவில்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

வரப்பில் நடந்து வரும்போதே பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கதவில் கறுப்பாக நம்பர். பக்கத்தில் சாணம் மெழுகிய வெறும் தரை, அடுப்பு இருந்த மூலையில் கரி. எங்கள் வாசலில் மதினி ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டைப் பெருக்கி மெழுகித் தன் சாமானையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டிருந்தாள்.

"வாளா. ஒன் எடத்த ஒன் கையில ஒப்படைச்சாச்சு. புள்ளையக் குடு" என்றாள்.

நான் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓவென்று அழுதேன். என்னவெல்லாமோ சொன்னேன். என்றைக்கும் இங்கேயே இருங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். புருஷன் வரும்வரை இருக்கிறேன் என்றாள்.

இருந்தாள். ஆனால் எப்படி? பாதி பஸ்ஸை வளைத்துப் பிடிக்கிறவள், எங்கள் வீட்டில் ஒரு பாய் அகலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கொடியில் தன் துணியைப் போடமாட்டாள். அவள் தட்டும் தம்ளரும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நான் எடுத்து எங்கள் பாத்திரத்தோடு வைத்தால், பார்க்காத நேரத்தில் திரும்பப் பெட்டிக்குப் போய்விடும். அடுத்தவர்களுக்கு இடம் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு, யாராவது தனக்குக் கொடுக்கிற இடத்தில் உட்கார அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அது கோபமாகக்கூட வந்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க விடாதவளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

நம்பர் போட்ட அன்று மதினி செய்தது தவறா, துணிந்து செய்ததா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். டப்பாவை நம்பியது தவறு. அதற்குப் பிறகு எங்கள் வாசலைவிட்டு நகராமல் நின்றது தவறு அல்ல. சோறு பொங்கி வழிவதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள். சாப் கண்ணில் என் பெயருக்கு அவள் முகம். அவள் பெயரோ எனக்கே தெரியாது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீபாவளிக்கு அவள் புருஷன் வந்தார். பை நிறையப் பட்சணத்தோடு வந்தவர், வழக்கமான வாசலில் வந்து நின்றார். வாசல் இல்லை. அவர் சத்தம் போடுவார், என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடிப்பார் என்று நான் பயந்துபோய் நின்றேன். அவர் அந்த மெழுகிய தரையில், கரி படிந்த மூலையருகில் உட்கார்ந்துகொண்டார். மதினி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒல கொதிச்சிட்டுத்தான இருந்துச்சு?"

"கொதிச்சிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள் மதினி.

"பொறவு என்ன" என்று சொல்லி எழுந்தார். சமையல்காரர் இல்லையா, உலை கொதித்தால் வீட்டில் ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம் என்பது அவருக்கும் நியாயமாகப் பட்டிருக்கிறது.

அம்பர்நாத் பக்கம் தெரிந்தவர் ஒருவர் இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தாராம். தீபாவளி கழிந்ததும் கிளம்பிவிட்டார்கள். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அன்று காலை அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே நான் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரப்பில் ஓடினேன். பஸ் வந்து திரும்பி நின்றது. முதல் ஆளாக ஏறினேன். என்ஜின் பக்கம் போகவில்லை. நல்ல ஜன்னலோரச் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். கூட்டம் ஏறியது. கூடைக்காரிகள் என்னை முறைத்தார்கள். பஸ் கிளம்பப் பார்த்தது. வரப்பில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வர, பின்னால் நீலப் பட்டை டப்பாவைத் தூக்கிக்கொண்டு மதினி மெதுவாக வந்துகொண்டிருந்தாள். கண்டக்டர் மணிக்கயிற்றைப் பிடித்தான்.

"ஆத்தி ஹை! ஆத்தி ஹை!" என்று கத்தினேன். பிள்ளை மிரண்டு அழ ஆரம்பித்தது. நான் விடவில்லை. "ஆத்தி ஹை!"

அவன் கையை எடுத்தான். மதினி ஏறி வந்தாள். சீட்டில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"எறங்குளா. பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு இந்தக் கூட்டத்துல என்னத்துக்கு? துண்ட போட்டிருந்தா போதாதா?"

"அடுத்தவ எடத்துக்கு ஆளுல்லா நிக்கணும் மைனி."

மதினி பின்னால் கூடையோடு நின்ற கிழவி ஒருத்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இடத்தை அவளுக்குக் கொடுத்துவிடுவாள். நான் அசையவில்லை. கண்டக்டர் திட்டினான், டிரைவர் திரும்பிப் பார்த்தான். கடைசியில் மதினி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில் என்னை ஒட்டி மெல்ல உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த பிறகுதான் நான் எழுந்தேன்.